பதினோரு மணி இணைப்பு

"இப்ப எரியுதா?" மேசைக்கு அடியிலிருந்து கணவனின் குரல் வந்தது.

"எரியுது."

"எது?"

"என் வயிறு. மணி பத்து நாப்பது."

சுவர்ப் பலகையில் உட்கார்ந்திருந்த மோடத்தில் மூன்று விளக்குகள் பச்சையாக எரிந்தன. கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயருக்கான நான்காவது விளக்கு மட்டும் இருண்டு கிடந்தது. வைஃபை போன வாரமே படுத்துவிட்டது. செல்போனில் போட்டால் படம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஒயரை விட்டால் வேறு வழி இல்லை.

எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த பதினோரு மணி இது. இன்று தவறவிட்டால் அடுத்த தேதி எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் அவள் கணவனுக்குப் போன் செய்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவன் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, கையில் கிரீஸ் கறையோடு வந்து நின்றான்.

"மோடத்தை அணைச்சுப் போட்டுப் பார்த்தியா?"

"மூணு தடவை."

"நடுவுல எவ்வளவு நேரம் விட்டே?"

"அணைச்சேன், உடனே போட்டேன்."

"அதுக்கு மூச்சு விடக் கொஞ்சம் நேரம் குடுக்கணும். நீ திட்டறப்ப எனக்கே அது கிடைச்சதில்லை, பாவம் அதுக்கு எங்கே கிடைக்கப்போகுது!"

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "பதினெட்டு மாடி லிஃப்டை நிமிஷத்துல சரிபண்றவர்னு பேரு. ஒரு ஒயர்கிட்ட முக்கிக்கிட்டிருக்கீங்க."

"லிஃப்ட் வேலையில பின்னாடி நின்னுக்கிட்டு யாரும் நொட்டை சொல்ல மாட்டாங்க."

எழுந்துபோய் ஒயரை மோடத்தின் முதல் துளையிலிருந்து உருவி மூன்றாவது துளையில் சொருகினான். விளக்கு அசையவில்லை. பிறகு ஒயரை விரலால் தடவிக்கொண்டே வந்தான். மேசைக் கால் அருகே விரல் நின்றது.

"மேசையை நகர்த்தினியா?"

"ஜன்னல் வெளிச்சம் வேணும்னு கொஞ்சம் தள்ளிப் போட்டேன்."

"ஒயர் மேலயே போட்டிருக்கே. நசுங்கிப் போச்சு."

"தாங்கும்னு நினைச்சேன்."

"எதுவுமே தாங்கற வரைக்கும்தான் தாங்கும்," என்றான். கேலி செய்யும் குரலாக அது இல்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தன் கருவிப் பையைக் குடைந்து பழைய ஒயர் ஒன்றை எடுத்தான். ஒரு முனையை மோடத்தில் மாட்டிவிட்டு, மறுபடி மேசைக்கு அடியில் நுழைந்து மறுமுனையைக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினான்.

"எரியுது! நிஜமாவே எரியுது!"

அவன் கையை எடுத்தான்.

"ஐயோ, அணைஞ்சு போச்சு!"

"கிளிப் உடைஞ்சிருக்கு. கையால அழுத்தினாத்தான் நிக்குது. டேப் இருக்கா?"

"எங்க வச்சேன்னு தேடணும். மணி பத்து அம்பத்தேழு!"

"அப்ப விடு. நான் பிடிச்சுக்கறேன், நீ உக்காரு."

"எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது. உங்களுக்கும் பதினோரு மணிக்கு..."

"அது எனக்குத் தெரியும். முதல்ல நீ லிங்க்கைத் தட்டி உள்ளே போ."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவன் தோளில் இடிக்காமல் காலை மடக்கிக்கொண்டாள்.

"உங்க தலையெல்லாம் ஒட்டடை."

"கூட்டிப் பெருக்காதது நானா? திரையைப் பாரு."

இணைப்பு இல்லை என்று காட்டிய சிவப்புக் குறி மறைந்து திரை விழித்துக்கொண்டது. கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி தெரிந்தார். அவர் முன்னால் காகிதக் கட்டுகள் குவிந்திருந்தன. அவள் கலைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு வணக்கம் சொன்னாள்.

"வணக்கம்மா. நான் பேசறது தெளிவாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது மேடம்."

அவர் ஒரு காகிதத்தைப் புரட்டினார். கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"விவாகரத்து வேணும்னு ரெண்டு பேரும் சேர்ந்துதானே மனு குடுத்தீங்க? நீங்க வந்துட்டீங்க. உங்க கணவர் எங்கேம்மா, இன்னும் காணோமே?"

அவள் மெல்லக் குனிந்து பார்த்தாள். ஒட்டடையும் வியர்வையுமாக, கட்டைவிரல் வெளுக்க வெளுக்க அழுத்தியபடி அவன் அண்ணாந்து பார்த்தான்.

"இங்கதான் மேடம் இருக்காரு, என் காலடியில," என்றாள். "கையை எடுத்தா கனெக்ஷன் அறுந்துடுமாம். விடமாட்டேன்னு பிடிச்சுக்கிட்டிருக்காரு."