காருக்கு அடியில் கறை

"எங்கயாவது பாதி வழியில நின்னுடுமாண்ணே?"

மூன்றாவது தடவையாக அவள் கேட்டாள். காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக்கின் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"பொறும்மா. இன்னும் நாடியே பிடிக்கல, அதுக்குள்ள ஆயுசு கேக்கறீங்க" என்றது உள்ளிருந்து குரல்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு பெட்டியும் ஏழு வயது மகளுமாக, புருஷனிடமிருந்து இந்தக் காரில்தான் தப்பி வந்தாள். புது ஊர், புது போன் நம்பர், மாடியில் ஒற்றை அறை. 'எங்க போனாலும் தேடி வருவேன்' என்று அவன் சொன்னது இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால், சாவியைத் திருகியதும் வண்டி கிளம்பியாக வேண்டும். அவளுக்கிருந்த ஒரே தைரியம் அதுதான். இப்போது அதுவும் ஒழுகுகிறது.

"எத்தனை நாளா இப்படி?"

"பத்து நாளா. காலைல வண்டியை எடுத்தா, ஜன்னலுக்குக் கீழ அது நின்ன இடத்துல உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பா ஆயில். சோப்புத்தூள் போட்டுத் தேய்ச்சுக் கழுவினேன். மறுநாளும் இருக்கு. டிக் டிக்னு ஒரு சத்தம் வேற. எனக்குக் கேட்டதில்ல, இவதான் தினமும் சொல்றா" என்று பக்கத்தில் நின்ற மகளைக் காட்டினாள்.

"வண்டிக்கு ஓட்டம் எப்படி?"

"காலைல எட்டு மணிக்கு ஆபீஸ். இருட்டினப்புறம் ஏழு மணிக்குத்தான் வீடு. நடுவுல சாவியைத் தொடறதே இல்ல. இவ மூணரைக்கு ஸ்கூல் வேன்ல வந்து, உள்ளே தாழ் போட்டுக்கிட்டு இருப்பா."

மெக்கானிக் வெளியே வந்தார். எஞ்சினைச் சுற்றிலும் துணியால் துடைத்து, கீழே அட்டையை விரித்து, அரை மணி நேரம் ஓடவிட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அவர் புருவம் சுருங்கும்போதெல்லாம் அவள் மகளின் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"வலிக்குதும்மா" என்றாள் மகள்.

எஞ்சினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து, ஆயில் அளவுக் கம்பியை உருவி வெளிச்சத்தில் காட்டினார் மெக்கானிக்.

"சர்வீஸ் பண்ணி நாலு மாசம்னீங்க. ஒரு நூல்கூடக் குறையல. அடி நட்டு இறுக்கமா இருக்கு, பில்டர் காஞ்சு கிடக்கு, அட்டையில ஒரு சொட்டு இல்ல. வண்டி உங்களைவிடத் தெம்பா இருக்கும்மா."

"அப்ப அந்தக் கறை?"

"உங்க வண்டி ஆயிலே இல்ல அது. கீழ் வீட்டுல யாராவது ஸ்கூட்டரை அங்க நிறுத்தி ரிப்பேர் பாக்கறாங்களோ என்னவோ."

கீழ் வீட்டுக்காரரிடம் ஓட்டை ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அவளுக்கு உயிர் வந்தது.

மெக்கானிக் மகள் பக்கம் குனிந்தார். "பாப்பா, அந்தச் சத்தம் கார் ஓடும்போதா வருது?"

"இல்ல மாமா. நிறுத்தின அப்புறம். டிக்... டிக்... டிக்னு வரும். கொஞ்ச நேரத்துல தானா நின்னுடும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இதுக்கா இத்தனை பாடு! சூடான சைலன்சர் குழாய் ஆறும்போது சுருங்கற சத்தம் அது. ஓடி வந்து நின்ன எந்த வண்டியும் போடும். சீக்கே இல்ல."

அவள் அங்கிருந்த பழைய டயர்மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

"கேட்டியாடி குட்டி? நம்ம வண்டிக்கு ஒண்ணும் இல்லையாம். இனிமே சத்தம் கேட்டாப் பயப்படாதே."

"நான் எங்க பயந்தேன்?" மகள் உதட்டைப் பிதுக்கினாள். "ஜன்னலைத் திறக்கக் கூடாதுன்னு நீ சொன்னதால எட்டிப் பாக்கல, அவ்வளவுதான். ஆமா, தினமும் நாலு மணிக்கு நான் ஹோம்வொர்க் எழுதறப்ப காரைக் கொண்டுவந்து நிறுத்தறியே... மேல வராமயே ஏம்மா திரும்பிப் போயிடற?"