பரீட்சைக் கார்

"ஆயில் ஏன் ஒழுகுதுன்னு சொல்லி, ஒழுகலை நிறுத்திக் காட்டுங்க. காட்டிட்டா வேலை உங்களுது," என்றார் ஷெட் முதலாளி. "விடை எனக்குத் தெரியும். அதனால சுத்தி வளைக்காதீங்க."

குழியின் மேல் பழைய கார் ஒன்று நின்றது. பின்சக்கரங்களுக்கு நடுவே பூசணிக்காய் போலத் தொங்கும் டிஃபரன்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில் வடிந்தது. வேலை கேட்டு வருகிற எல்லோருக்கும் இதே கார், இதே கேள்வி. இதுவரை பதினோரு பேர் வந்து, சட்டையைக் கறையாக்கிக்கொண்டு திரும்பிப் போயிருந்தார்கள். ஒருவர் ஆயில் சீல் என்கிற ரப்பர் வளையத்தை மாற்றினார். இன்னொருவர் பேக்கிங்கை மாற்றினார். மொத்தத்தையும் கழற்றிப் போட்டுப் புதுசு வாங்கச் சொன்னவரை, முதலாளியே வாசல்வரை போய் வழியனுப்பி வைத்தார்.

பன்னிரண்டாவதாக வந்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். லாரி ஷெட்டில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரட்டைப் பிள்ளைகள் பிறந்ததும் வீட்டோடு இருந்தவள். இப்போது மறுபடி ஸ்பேனரைப் பிடித்தாக வேண்டும். ஆனால் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நாலு மணிக்கு வீட்டிலும் இருக்க வேண்டும். இந்த நிபந்தனையைக் கேட்டதுமே மூன்று ஷெட்டுகளில் கையை விரித்துவிட்டார்கள். ஊரில் மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

இந்த முதலாளியும் உதட்டைப் பிதுக்கினார். முதலில் பரீட்சை, பேச்செல்லாம் அப்புறம் என்றார்.

அவள் ஸ்பேனரைத் தொடவில்லை. ராத்திரி சும்மா நின்றாலும் ஒழுகுமா என்று கேட்டாள். இல்லை, ஓட்டி நிறுத்தினால்தான் என்று முதலாளி சட்டென்று சொன்னார்.

அடிப்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்தாள். கைப்பையிலிருந்து முகத்துக்குப் போடும் பவுடரை எடுத்து டிஃபரன்ஷியல் முழுக்கத் தூவினாள். மூத்த ஃபிட்டர், அப்படியே லிப்ஸ்டிக்கும் பூசிவிடச் சொன்னார்.

"பூசிடலாம்ண்ணே. முதல்ல அழுகையை நிறுத்துவோம்."

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து குழியில் இறங்கினாள். பவுடரில், சீல் இருக்கும் இடத்திலிருந்து மட்டும் ஆயில் கோடு இழுத்திருந்தது. முதலாளியும் குனிந்து பார்த்தார். சீல் போன மாசம்தான் புதுசாகப் போட்டது என்றார்.

"சீல் மேல தப்பில்ல சார். உள்ளே இருக்கிறது அதை முட்டித் தள்ளுது."

ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திருகினாள். 'உஸ்ஸ்' என்று காற்று சீறியது.

"ஏன் அப்படி?" என்றார் முதலாளி. அவர் கையில் நோட்டும் பென்சிலும் வந்திருந்தன. மார்க் போடுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஓடினா சூடாகும், சூடானா உள்ளே காத்து விரியும். அது வெளியே போக, மேலே துளை வச்ச குமிழ் ஒண்ணு இருக்கணும்." விரலால் தடவிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். "இருக்கு. அடியில துருப்பிடிக்காம இருக்கக் கறுப்புப் பெயின்ட் அடிச்ச மகராசன், துளையையும் சேர்த்துப் பூசிட்டார்."

முதலாளி இருமினார். "நான்தான் அடிச்சேன்."

"பரீட்சைக்காக வேணும்னே அடைச்சீங்களா சார்?"

"பின்னே?"

குமிழைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையைத் திறந்து மாட்டினாள். குறைந்த ஆயிலை நிரப்பி, துடைத்துவிட்டு மறுபடி பவுடர் தூவினாள். இந்த முறை முதலாளியே ஓட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பவுடர் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது. கிண்டல் செய்த ஃபிட்டரே கை தட்டினார்.

நாலு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டியதைப் பற்றி அவள் இழுத்தாள். மூன்றரைக்கே கிளம்பச் சொன்னார் முதலாளி. பேரம் பேசாமல் அவர் ஒன்றுக்குச் சம்மதித்ததை அந்த ஷெட்டில் யாரும் பார்த்ததில்லை. பரிசு வாங்க மேடை ஏறுகிறவள் மாதிரி அவள் குழியிலிருந்து ஏறி வந்தாள்.

முதலாளி தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மனைவிக்குப் போன் போட்டார்.

"உன் தம்பி வீட்டுக்குக் கிளம்பி நில்லு, நம்ம கார்லயே போறோம். அவன் புது டைல்ஸ்ல இனிமே ஒரு சொட்டு விழாது," என்றவர் குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷமா எனக்கே பிடிபடாத கோளாறு. ஆள் எடுக்கிறேன்னு சொல்லிப் பன்னெண்டு பேரை வரவழைச்சு, இன்னிக்குத்தான் விடை தெரிஞ்சுது."