ஜெர்மனியை ஓட்டிய சைக்கிள்

நான் எங்கள் வீட்டுக் கூடத்தில் சைக்கிள் மிதித்ததால்தான் நேற்று ஜெர்மனியில் ஒரு பேங்க் திறந்தது. ஊரே இதை நம்பிவிட்டது, பக்கத்துத் தோப்புக் காளிச்சாமியைத் தவிர.

“கத உடாதீங்கண்ணா. கொழிஞ்சாம்பாறைல மிதிச்சா செர்மனி எப்படிங்க ஓடும்?”

“கேளப்பா. எம்பொண்ணு யோகப்பிரியா ஊட்டுல இருந்தே அந்த பேங்குக்குப் புரோகிராம் எழுதறா. மத்தியானத்துக்குள்ள அனுப்போணும், இல்லீன்னா வேலை போயிரும். அப்பப் பாத்துக் கரண்டு போச்சு.”

“இன்வெர்ட்டர் இருக்குதுல்லங்க?”

“பேட்டரில தண்ணி கம்மியா இருந்துச்சுன்னு எளநி ஊத்துனேன். அதுக்கு ஒத்துக்கல.”

உடனே சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோ வயரை இன்டர்நெட் பெட்டியில் மாட்டி மிதித்தேன். பெட்டியில் விளக்கு எரிந்தது. “திரும்பிப் பாக்காம மிதிங்கப்பா” என்றாள் மகள். மத்தியானம்வரை மிதித்தேன். வழிந்த வேர்வையில் கூடத்திலேயே நாற்று நட்டிருக்கலாம். புரோகிராமும் போய்ச் சேர்ந்தது.

காளிச்சாமி நேராக என் மகளிடமே போய்க் கேட்டான். நானும் கூடவே போனேன்.

“நெசந்தானுங்க மாமா. அப்பா மிதிச்சதாலதான் வேலை முடிஞ்சுது.”

“அந்த டைனமோ கரண்டுலயா அம்மிணி?”

“இல்லீங்க. அவரு ஏறி ஒக்காந்ததுமே கரண்டு வந்துருச்சு. நான் வயரக் கழட்டிட்டேன். சொன்னா எறங்கி வந்து, அடுத்து என்ற லேப்டாப்பத் தொறந்து தொடைப்பாரு.”

காளிச்சாமி என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“அப்பச் செர்மனி ஓடுனது உங்களாலதானுங்கண்ணா. ஒத்துக்கறேன்.”