மாத்திரை போட்ட பிறகு

“இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?”

கேட்டவர் கணவனின் வக்கீல்.

அவள் சாட்சிக் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இடுப்பில் கிளம்பிய எரிச்சல் இடது தொடை வழியாகக் குதிகாலுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

முகம் மாறக் கூடாது. காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

நேற்று ராத்திரி மாத்திரையையும் விட்டிருந்தாள். உள்ளங்கை வேர்த்தது. மாத்திரை போட்டால் ஒரு பாடு. விட்டால் இன்னொரு பாடு.

போட்டேன் என்றால், மயக்கத்தில்தான் நிற்கிறாள் என்பார். இல்லை என்றால், டாக்டர் கொடுத்த மருந்தையே ஒழுங்காகச் சாப்பிடாதவள் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்பார்.

“இல்லைங்க.”

“ஏன்?”

“போட்டா நாக்கு குழறும். பேசிட்டிருக்கும்போதே வார்த்தை மறந்துபோகும். உங்க முன்னாடி அப்படி நிக்க வேண்டாம்னு போடலைங்க.”

வக்கீல் மெதுவாக நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

“இதைத்தாம்மா நாங்களும் சொல்றோம். மாத்திரை போட்டா தூக்கம். போடலைன்னா வலி. நடுவுல ஏழு வயசுக் குழந்தை.”

முன்வரிசையில் கணவன் மகுடேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். கெட்டவன் இல்லை. முதுகுத்தண்டு வட்டு விலகி, ஆபரேஷன் முடிந்து, அதற்குப் பிறகும் வலி போகாத மனைவியோடு கொஞ்ச காலம் இருந்து பார்த்தான். முடியவில்லை. போய்விட்டான். இப்போது மகள் தன்னோடு இருக்கட்டும் என்கிறான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். அந்த அம்மாளுக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும்.

“மாத்திரை கையில இருக்கா?”

“இருக்குங்க.”

“சாப்பிட்டுட்டுப் போடுங்க. மத்தியானம் குழந்தையக் கூட்டிட்டு என் ரூமுக்கு வாங்க. வீட்டுல தினமும் எப்படி இருப்பீங்களோ, அப்படியே உங்களை நான் பார்க்கணும்.”

அவளுடைய வக்கீல் கலாமணி ஏதோ சொல்ல எழுந்தாள். நீதிபதி கையமர்த்தினார்.



வராந்தா பெஞ்சில் மகள் மௌலிகா டிபன் டப்பாவைத் திறந்தாள். தயிர்சாதத்தை நடுவில் கோடு கிழித்து, பெரிய பாதியை அம்மாவின் பக்கம் தள்ளினாள்.

அவள் நாலு வாய் சாப்பிட்டாள். மாத்திரையை விழுங்கினாள்.

எதிர் பெஞ்சில் நாத்தனார் சுகந்தி. மடியில் செல்போன்.

வலி முதலில் போகாது. முதலில் போவது நாக்கு. அப்புறம் இமை. இதெல்லாம் போன பிறகுதான் வலி கொஞ்சம் நகர்ந்து வழிவிடும்.

தூங்கக் கூடாது.

நிமிர்ந்து உட்கார்ந்தாள். கட்டைவிரல் நகத்தை உள்ளங்கையில் அழுத்தினாள். கண்ணில் படுவதற்கெல்லாம் மனதுக்குள் பெயர் சொல்லிப் பார்த்தாள். தூண். குழாய். வேப்பமரம்.

சுவரில் வட்டமாக ஒன்று மாட்டியிருந்தது. நேரம் பார்ப்பது.

பெயர் வரவில்லை.

தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. எதிரே செல்போன் மடியிலிருந்து உயர்ந்தது.

மௌலிகா நகர்ந்து வந்து, அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“நீ தூங்கும்மா. கூப்பிட்டா நான் எழுப்பறேன்.”

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள்.

அடுத்து அவள் காதில் விழுந்தது டவாலியின் குரல். அவளைத்தான் கூப்பிட்டான்.

எதிர் பெஞ்ச் காலியாக இருந்தது.

டிபன் டப்பா கழுவிப் பையில் வைக்கப்பட்டிருந்தது. அவள் குனியக் கூடாது. செருப்புகள் இரண்டும் கால் நுழைக்கிற வாக்கில் அவள் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.



நீதிபதியின் அறையில் கணவனின் வக்கீல் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்.

“ஒரு நிமிஷ வீடியோம்மா. இப்பத்தான் எடுத்தது.”

நீதிபதி அதை வாங்கவில்லை. வக்கீல்கள் இரண்டு பேரையும் வெளியே இருக்கச் சொன்னார். அறையில் மகுடேஸ்வரனும் அவளும் குழந்தையும் மிஞ்சினார்கள்.

“தூங்கிட்டீங்களா?”

“தூங்கிட்டேங்க.” நாக்கு தடித்திருந்தது. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. வலி இருந்த இடத்தில் இப்போது பஞ்சு அடைத்தமாதிரி ஒரு மரத்துப்போன கனம்.

நீதிபதி குழந்தையின் பக்கம் குனிந்தார்.

“அம்மா தூங்கிட்டா நீ என்ன கண்ணு பண்ணுவே?”

மௌலிகாவின் முகம் மலர்ந்தது. வகுப்பில் தனக்கு மட்டும் பதில் தெரிந்த கேள்வி வந்தால் அப்படித்தான் மலரும்.

அந்தப் பதில் அம்மாவுக்கும் தெரியும்.

மகள் அடுப்பை அணைத்து கேஸ் குழாயை மூடுவாள். பிறகு பக்கத்தில் வந்து, அம்மாவின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் அரைத்தூக்கத்தில் அந்தச் சின்ன விரல் தட்டுப்பட்டது. அம்மா கண்ணைத் திறக்காமல் படுத்திருந்தாள். விரல் வெகுநேரம் எடுக்கப்படவில்லை.

மகுடேஸ்வரன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மௌலிகா வாயைத் திறந்தவள், நிறுத்தி, அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

அவள் கை மகளின் தோளில் இருந்தது. லேசாக ஓர் அழுத்து அழுத்தினால் போதும். மௌலிகாவுக்குப் புரிந்துவிடும்.

கையை எடுத்தாள்.

“சொல்லு சாமி,” என்றாள்.