மூன்றாவது மகள்

பெசன்ட் நகரின் அந்தக் குடியிருப்பில் வீட்டை நாள் வாடகைக்கு விடக் கூடாது, வீட்டுக்காரரின் சொந்தக்காரர்கள் மட்டும் தங்கலாம் என்று சங்கம் விதி போட்டதிலிருந்து, அங்கே வீடு வைத்திருந்த சகினாவுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிட்டார்கள். புதிதாக வந்த செயலாளர் வெங்கடரமணனுக்கு, அவர்கள் வாடகைக்கு வந்தவர்கள் என்பதற்கு ஒரு சாட்சியும் சிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மானம் போகப்போகிறது என்று அவர் புழுங்கிக்கொண்டிருந்தபோது, பெட்டியோடு ஒருத்தி லிஃப்டில் ஏறினாள். அவரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

கதவைத் திறந்த சகினாவிடம் வெங்கடரமணன் முந்திக்கொண்டு கேட்டார்.

“யாரும்மா இது?”

“எம் பொண்ணு ஆயத், சார்.”

“போன மாசம்தான் உங்க பொண்ணுன்னு ரெண்டு பேர் வந்துட்டுப் போனா. இவ மூணாவதாக்கும்?”

அதற்குள் உள்ளே போய்விட்ட பெண் அறையிலிருந்து கத்தினாள்.

“ம்மா! ஆறு வருஷம் கழிச்சு துபாய் வேலைய விட்டுட்டு மொத்தமா வந்துகீறேன். என் பீரோ எங்க? செவுத்துல ‘செக்-அவுட் பதினோரு மணி’ன்னு ஒட்டி வெச்சிருக்க! என் ரூமையா வாடகைக்கு விட்ட?”

வாடகைக்கு வந்தவள் இப்படிச் சண்டை போடமாட்டாள் என்பது வெங்கடரமணனுக்கே புரிந்தது.

“பொண்ணுதான், ஒத்துக்கறேன். ஆனா வாடகைக்கு விட்டதும் நிஜம்தானே?”

“நிஜம்தான். நல்லா எழுதிக்கோங்க சார்.” சகினாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “இனிமே ரூம் காலி இல்லன்னும் சேத்து எழுதிக்கோங்க.”