இடது பக்கம்

அவனால் நிமிர முடியவில்லை.

கேபின் பலகையில், முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு கிடந்தான். இடது அடிவயிற்றில் கை. மூன்று நாளாக அந்தக் கை அங்கேதான் இருந்திருக்கிறது. அண்ணன் இன்று காலைதான் பார்த்தான்.

தம்பி ததேயு. அண்ணன் சில்வெஸ்டர், படகை ஓட்டுகிற ஸ்ராங்கு.

சுற்றிலும் கடல்.

சில்வெஸ்டர் தம்பியின் நெற்றியைத் தொட்டான். சுட்டது.

வாயு பிடித்திருக்கிறது என்றே ததேயு சொல்லிக்கொண்டிருந்தான். இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்தான். காய்ச்சல் மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கியிருக்கிறான். வெளிக்குப் போயும் மூன்று நாள். இப்போது குளிர் நடுக்கம்.

சாட்டிலைட் போனில் ததேயுவின் மனைவி பிரிஜிட் கிடைத்தாள்.

"போன வருசமே டாக்டரம்மா சொன்னாவ, அத்தான். குடல்ல சின்னச் சின்னப் பை மாதிரி பிதுங்கியிருக்குன்னு. அது பழுத்தா இடப்பக்கம் வலிக்கும், காய்ச்சல் வரும். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்திரணும்னாவ."

சில்வெஸ்டர் தம்பியைப் பார்த்தான்.

"ஏம்லே எங்கிட்ட சொல்லல்ல?"

"சொன்னா என்னைய ஏத்தமாட்டியே."

வலையை இழுத்தார்கள். படகைத் திருப்பினார்கள். பத்துப் பேரில் ஒருவர்கூட மீனைப் பற்றிப் பேசவில்லை.

வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தான். இதைவிட வேகமான படகு பக்கத்தில் எதுவும் இல்லை.

விசையை முழுதும் தள்ளியாயிற்று. அதற்குமேல் எஞ்சினில் ஒன்றும் இல்லை.

எதிர்காற்று. அலை தூக்கிப்போடும்போதெல்லாம் கேபினிலிருந்து முனகல். சுக்கானைத் திருப்பி அலையை ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான். ஒதுங்கினால் நேரம் போகும். நேரே போனால் அவன் கத்துவான்.

எது சரி என்று கேட்க ஆளில்லை.

உச்சி சாய்ந்தபோது முனகல் நின்றது.

"அண்ணே, வலி போச்சு."

வியர்த்த முகத்தில் சிரிப்பு. டெக்கில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். சமையல்காரர் கஞ்சி வைக்க ஓடினார்.

டாக்டரம்மாவின் எண்ணை பிரிஜிட் தேடிப்பிடித்து இப்போதுதான் கொடுத்திருந்தாள். சில்வெஸ்டர் அழைத்து, நல்ல செய்தியாகவே சொன்னான்.

டாக்டரம்மா சந்தோஷப்படவில்லை.

"வயிறு எப்படி இருக்கு? மெல்லத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். கல்லாக இருந்தது. சொன்னான்.

"அந்தப் பை உடைஞ்சிருக்கும், அதான் வலி விட்டிருக்கு. வாய்க்கு எதுவும் குடுக்காதீங்க. தண்ணிகூட. கரைக்கு இன்னும் எத்தனை மணி நேரம்?"

கஞ்சியோடு வந்தவரை வாசலிலேயே கைகாட்டி நிறுத்தினான்.

"பதினொண்ணு" என்றான்.