சந்தனம் வைத்த லேப்டாப்

முனீஸ்வரியின் ஆபீஸ் லேப்டாப்பில் எந்த எழுத்தைத் தட்டினாலும் விழவில்லை. கீழே விரலால் தேய்த்தால் அம்புக்குறியும் நகரவில்லை. அவள் கணவன் அழகுபாண்டிக்கு வியர்த்தது. நேற்று ஆயுதபூஜையில் அதற்குச் சந்தனம் அப்பியவன் அவன்தான்.

“ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க,” என்றாள் முனீஸ்வரி.

போட்டான்.

“பேட்டரியக் கழட்டி மாட்டுங்க.”

மாட்டினான். அப்படியேதான் கிடந்தது.

“சந்தனம் உள்ள எறங்கிருச்சு போல, முனீசு. அவசரமா ஒரு மெயில் அனுப்பணுமே.”

“சந்தனத்து மேல பழியப் போடாதீங்க.” பூஜையில் வைத்த ஸ்க்ரூடிரைவரை அவன்முன் வைத்தாள். “உள்ள ரெண்டு கேபிளையும் கழட்டுனது நான்தான். அலங்காநல்லூருக்குப் போன் போட்டு அத்தைகிட்ட நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. எம்பேருல நீங்க அடிக்கிற ராஜினாமாவுல ஒரு எழுத்துகூட விழாது.”